வீட்டில் இறால் சுடுவது: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது நாகப்பட்டினம். 2006-இல் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்குள்ள சாட்ஸ்வர்த் பகுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் உள்ளே எழுதிப் பழக, வாசலில் நிற்கும் அம்மாக்களும் ஆயாக்களும் (பாட்டிகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பேசுவது பெரும்பாலும் சமையல் பற்றித்தான். இறால் குழம்பு என்றால் இங்கே யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சுடுவது என்றதும் பலருக்குக் கை நடுங்குகிறது. விலை கொடுத்து வாங்கிய இறால் ரப்பராகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வாரம் தவறாமல் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, வேலை முடிஞ்சு ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கே வர்றேன். ஏழு மணிக்குள்ள சுட்ட இறால் சாப்பிட முடியுமா?

முடியும். இறைச்சியில் எதுவும் இவ்வளவு சீக்கிரம் வேகாது. வந்தவுடன், செருப்பைக் கழற்றும் முன்பே, உறைந்த இறாலைப் பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுங்கள். அது உருக அரை மணி நேரம். அந்த நேரத்தில் சோறு வைக்கலாம், தக்காளி வெங்காய சம்பல் நறுக்கலாம். ஆறரைக்கு இறாலைச் சுத்தம் செய்து, துடைத்து, உப்பும் மசாலாவும் தடவி வைத்தால் ஆறே முக்காலுக்கு அடுப்பு. நெருப்பில் இருக்கும் நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது.

இது கேஸ் அடுப்புக்கும் மின் அடுப்புக்கும் சொன்ன கணக்கு. கரி மூட்டி பிராய் (தணலில் சுடுவதற்கு இங்கே உள்ள பெயர்) போடுவதென்றால் தணல் பழுக்கவே 30 முதல் 40 நிமிடம் ஆகும். வேலை நாளில் அதற்குப் பொறுமை இருந்தால் செய்யுங்கள். என் வீட்டில் கரி சனிக்கிழமைக்கு மட்டும்தான்.

கடையில பத்து வகை கிடக்குது. எதை வாங்குறது?

சுடுவதற்கு நடுத்தரமோ பெரியதோதான் சரி. பொடி இறாலைத் தொக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உறைந்த பெட்டிகளில் கிடைப்பவை பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. இந்தியாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் வரும் வனாமி, உடம்பில் வரி போட்ட டைகர் இறால், அர்ஜென்டினாவின் சிவப்பு இறால், மொசாம்பிக் இறால். பழைய ஆட்கள் பெரிய மொசாம்பிக் இறாலை இன்னும் 'எல்.எம். பிரான்' என்பார்கள். மொசாம்பிக்கின் தலைநகர் மப்புட்டோவுக்கு 1976 வரை லோரன்சோ மார்க்கேஸ் என்று பெயர். அதன் முதல் எழுத்துகள்தான் அவை.

நம் கடலிலும் இறால் உண்டு. துகேலா ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வெளியே இருக்கும் சேற்றுத் திட்டில் வெள்ளை இறால் கிடைக்கும். நாகப்பட்டினத்தில் வெள்ளை இறால் என்று கூவி விற்கும் அதே இனம். இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை. கடல் தாண்டி வந்த எனக்கு முன்னாலேயே எங்கள் ஊர் இறால் இங்கே இருந்திருக்கிறது! ஆனால் இப்போது அது அரிது. இந்த இறாலின் குஞ்சுகள் கழிமுகங்களில்தான் வளரும். இந்தக் கரையிலுள்ள செயின்ட் லூசியா கழிமுகத்தின் வாய் 2002-இலிருந்து பல ஆண்டுகள் மணலால் அடைபட்டுக் கிடந்ததில், கடலுக்குப் போகும் இறால் வெகுவாகக் குறைந்தது. எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் வனாமியே போதும், சுடுவதற்கு நன்றாக இருக்கும்.

பெட்டியில 16/20ன்னு போட்டிருக்கே, அது என்ன?

ஒரு எடைக்கு எத்தனை இறால் நிற்கும் என்ற கணக்கு. எண் சிறிதாக இருந்தால் இறால் பெரிது. ஆனால் எந்த எடைக்கு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில பெட்டிகளில் அது பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு. சிலவற்றில் கிலோவுக்கு. பவுண்டுக்கு 16/20 என்றால் ஒன்று 25 கிராம் அளவில் இருக்கும். அதே எண் கிலோவுக்கு என்றால் ஒவ்வொன்றும் 50 கிராமுக்கு மேல். அர்ஜென்டினா பெட்டியில் எல்1 என்றால் கிலோவுக்கு 10 முதல் 20, எல்2 என்றால் 20 முதல் 30.

தலையோடு வாங்கினால் தலையும் ஓடும் போக, கையில் மிஞ்சும் சதை பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். நாலு பேர் வயிறார சாப்பிட, தலையோடு ஒன்றரைக் கிலோ வேண்டும். உரித்தது என்றால் முக்கால் கிலோ.

நாங்க ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) இருக்கோம். மீன் கவுன்டர்ல ஐஸ் மேல பரப்பி வெச்சிருக்கிற ஃப்ரெஷ் இறால் தானே ஃப்ரோஸனைவிட நல்லது?

அது பெரும்பாலும் உறைந்து வந்து, கடையில் உருக்கி, ஐஸ் மேல் பரப்பிய இறால்தான். எப்போது உருக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கவுன்டரில் நிற்பவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். உருக்கியதுதான் என்று சொன்னால், அதே சரக்கை ஃப்ரீசரிலிருந்து வாங்கி, வேண்டிய அன்றைக்கு நீங்களே உருக்கிக்கொள்ளுங்கள். உறைந்தது மட்டம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். கடலிலிருந்து எடுத்த கையோடு கப்பலிலேயே உறைய வைத்த இறால், மூன்று நாள் ஐஸில் கிடந்ததைவிடச் சுவையானது.

ஒரு கிலோ பெட்டி வாங்கினேன். உருகினதும் முக்கால் கிலோகூட இல்ல. ஏமாத்திட்டாங்களா?

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு கடையில் மலிவு என்று இரண்டு பெட்டி வாங்கி வந்து, உருக்கி எடை போட்டுப் பார்த்தால் கிலோவுக்கு 300 கிராம் தண்ணீராகவே ஓடிவிட்டது. உறைந்த இறால் காய்ந்து போகாமலிருக்க மேலே மெல்லிய பனிப்படலம் பூசுவார்கள். அது தேவைதான். ஆனால் சிலர் அதைத் தடியாகப் பூசி எடையில் சேர்த்துவிடுகிறார்கள். பெட்டியில் 'நிகர எடை' எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பனி நீக்கிய எடை தனியாக அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. பொருள் பட்டியலில் பாலிபாஸ்பேட், அல்லது இ451 என்று இருந்தால், அந்த இறால் சதைக்குள்ளும் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும். நெருப்பில் போட்டதும் நீர் கக்கும், சுடுவதற்குப் பதில் அவியும். சுடுவதற்கு, பட்டியலில் இறாலும் உப்பும் மட்டும் இருக்கும் பெட்டியைத் தேடி வாங்குங்கள்.

சுடுதண்ணியில போட்டா சீக்கிரம் உருகிடுமே, ஏன் குளிர்ந்த தண்ணி?

வெளிப்பக்கம் பாதி வெந்துவிடும், உள்ளே பனிக்கட்டி அப்படியே இருக்கும். மைக்ரோவேவிலும் இதே கதைதான். பைக்குள் தண்ணீர் புகாமல் கட்டி, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முந்தின இரவே நினைவு வந்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. சமையல் மேடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்து உருக்குவது மட்டும் கூடவே கூடாது. டர்பன் வெயிலில் அது கெடுவதற்கு வழி.

ஓட்டோட சுடுறதா, உரிச்சுட்டு சுடுறதா?

பெரிய இறாலை ஓட்டோடு சுடுங்கள். ஓடு சதைக்குப் போர்வை. நேர் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், சாறு உள்ளேயே நிற்கும், அந்த ஓடு கருகும் வாசனையே பாதிச் சாப்பாடு. முதுகுப் பக்கம் கத்தரிக்கோலால் ஓட்டை வால் வரை வெட்டி, சதையைப் பாதி ஆழம் கீறிவிட்டால் மசாலா உள்ளே இறங்கும், குடலையும் எடுத்துவிடலாம். சாப்பிடும்போது ஓடு தானாகக் கழன்று வரும்.

வேலை நாள் இரவில், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், உரித்து வாலை மட்டும் விட்டுச் சுடுவது வசதி. அப்போது நெருப்பில் இருக்கும் நேரம் குறையும் என்பதை மறக்கக் கூடாது.

அந்தக் கறுப்பு நரம்பை எடுக்கலன்னா வயிறு கெட்டுப்போகுமா?

அது நரம்பல்ல, குடல். நன்றாக வெந்தபின் அதனால் ஆபத்து இல்லை. ஆனால் பெரிய இறாலில் அதற்குள் மண் இருக்கும், பல்லில் நறநறக்கும், கசக்கவும் செய்யும். ஓட்டைப் பிரிக்காமலே எடுக்க ஒரு வழி: தலைக்குப் பின்னால் இரண்டாவது மூன்றாவது கட்டத்துக்கு இடையில் பல்குச்சியைக் குத்தி, மெதுவாக மேலே தூக்கினால் நூல் போல வந்துவிடும். வயிற்றுப் பக்கம் தெரியும் மெல்லிய கோடுதான் உண்மையான நரம்பு. அதை விட்டுவிடுங்கள்.

மசாலா தடவி எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்? ராத்திரி பூரா வெச்சா நல்லா இறங்குமா?

ஆட்டுக்கறிப் பழக்கத்தை இறாலிடம் காட்டக் கூடாது. எலுமிச்சையோ வினிகரோ தயிரோ சேர்ந்த மசாலாவில் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புளிப்பு, நெருப்பில்லாமலேயே சதையை வேக வைக்கத் தொடங்கிவிடும். வெளிப்பக்கம் வெள்ளையாகி மாவு போலாகும். புளிப்பில்லாத மசாலா என்றால் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வரை இருக்கலாம். எலுமிச்சையைக் கடைசியில், தட்டில் பிழியுங்கள்.

நான் செய்வது இதுதான். துடைத்த அரைக் கிலோ இறாலுக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி ஆப்பசோடா. பிசறி ஃப்ரிட்ஜில் 15 நிமிடம். இந்த ஆப்பசோடாதான் கடித்தால் 'நறுக்'கென்று இருக்கச் செய்யும். அப்புறம் ஐந்து பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி சோம்புத்தூள், மூன்று தேக்கரண்டி எண்ணெய். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மாமியார் என்று பெயர் வைத்துக் குன்றாகக் குவித்து விற்கிறார்களே, அந்த மசாலாவில் காரம் அதிகம். முதலில் அரைத் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள்.

பெரி-பெரி பிடித்தவர்கள் மிளகாய், பூண்டு, எண்ணெய் அரைத்த கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் எலுமிச்சை சேருங்கள். எலுமிச்சை சேர்க்காத பாதி சுடுவதற்கு முன், எலுமிச்சை சேர்த்த பாதி சுட்ட பிறகு. கரண்டியும் கிண்ணமும் தனித்தனி. பச்சை இறாலைத் தொட்ட மசாலாவை வெந்ததன் மேல் ஊற்றக் கூடாது.

எனக்கு எப்பவும் மசாலா கருகிடுது, இறால் வெளுத்தே நிக்குது. ஏன்?

இறால் ஈரமாக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது, இன்னும் சொல்வேன்: துடையுங்கள். கழுவியபின் வடிகட்டியில் வைத்தால் போதாது. பேப்பர் டவலில் பரப்பி, மேலே இன்னொன்று வைத்து அழுத்த வேண்டும். இறால் மேல் தண்ணீர் இருக்கும்வரை நெருப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். இறால் சிவப்பதில்லை. நீங்கள் சிவக்கட்டும் என்று காத்திருக்க, மிளகாய்த்தூள் கருகிக் கசக்கிறது, உள்ளே சதை முறுகுகிறது.

அடுத்து, வெண்ணெய். வெண்ணெயில் இருக்கும் பாலின் கசடு சீக்கிரம் கருகும். நெருப்பில் இருக்கும்போது எண்ணெய் அல்லது நெய். பூண்டு போட்டு உருக்கிய வெண்ணெயை இறக்கிய பிறகு ஊற்றுங்கள். தேன், சர்க்கரை, இனிப்பான சாஸ் எதுவானாலும் கடைசி அரை நிமிடத்தில்தான்.

எங்களுக்கு ஃபிளாட். பால்கனியில பிராய் போட விடமாட்டாங்க. வேற வழி?

நிறைய வழி இருக்கிறது. கனமான இரும்புத் தவா அல்லது கோடு போட்ட கிரில் சட்டியை, காலியாக, நாலைந்து நிமிடம் நன்றாகக் காய வையுங்கள். எண்ணெயை இறாலில் தடவுங்கள், சட்டியில் வேண்டாம், புகை குறையும். ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, இரண்டு தடவையாகச் சுடுங்கள். நெருக்கி அடுக்கினால் நீர் விட்டு அவிந்துவிடும். அவனில் மேல் கிரில் இருந்தால் அதை முழுச் சூட்டில் பத்து நிமிடம் காய வைத்து, கம்பிக்கு ஒரு சாண் கீழே தட்டை வைத்துச் சுடலாம். ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில், உரித்த இறாலுக்கு ஐந்து ஆறு நிமிடம்.

கரி அடுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குளிர்காலத்தில், மின்சாரம் போன இரவில், பிராய் முடிந்து மிஞ்சிய தணலைக் குளிர் காய்வதற்காக உள்ளே எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது. தூங்கும் குடும்பத்தையே கொன்றுவிடும். ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது.

தணல் சரியான சூட்டுக்கு வந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?

கரியின் மேல் சாம்பல் பூத்து, சுவாலை அடங்கியிருக்க வேண்டும். உள்ளங்கையைக் கம்பித்தட்டுக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். மூன்று நான்கு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் சரி. ஆறு ஏழு வரை தாங்க முடிந்தால் சூடு போதாது. தணலை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கம் வெறுமையாக விட்டு வையுங்கள். எண்ணெய் சொட்டி நெருப்பு எழும்பினால் இறாலை அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்.

வெந்துடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு நிமிஷம் சொல்றாங்க.

நிமிடக் கணக்கு ஒரு தொடக்கத்துக்குத்தான். உரித்த நடுத்தர இறாலுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். ஓட்டோடு முதுகு பிளந்த பெரிய இறாலுக்கு ஓட்டுப் பக்கம் மூன்று, சதைப் பக்கம் ஒன்று அல்லது ஒன்றரை. ஆனால் உங்கள் நெருப்பு எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே இறாலைப் பாருங்கள். கண்ணாடி போலிருந்த சதை பால் வெள்ளையாக மாறும். முதுகில் ஆழமாகக் கீறிய இடத்தில், தலைப் பக்கத்துத் தடித்த முனையில், அந்தக் கண்ணாடி நிறம் மறையும் நொடிதான் இறக்க வேண்டிய நொடி. பிறை போல வளைந்தால் போதும். வால் தலையைத் தொட்டு மோதிரமாகச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: உள்ளே 63 டிகிரி.

டர்பன் வந்த புதிதில், கணவரின் அலுவலகத்து நண்பர்கள் எட்டுப் பேருக்கு இறால் சுட்டேன். வேகாமல் கொடுத்துவிடக் கூடாதே என்று பக்கத்துக்கு ஆறு நிமிடம் வைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் தட்டுகளில் மிஞ்சியதைப் பார்த்து அன்று இரவு அழுதேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஆயா தன் அடுப்பருகே என்னை நிற்க வைத்து, "மணியைப் பாக்காத, அதோட முதுகைப் பாரு" என்று சொல்லித்தந்தார். இன்றுவரை அதைத்தான் செய்கிறேன். இறக்கியபின் சூடான தட்டிலேயே விட்டுவிட்டால் அது வெந்துகொண்டே இருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

கம்பிக்கு நடுவுல விழுந்து நெருப்புல போயிடுது.

குச்சியில் கோருங்கள். சோசாட்டிக் குச்சியை (துண்டுக் கறி கோர்த்துச் சுடும் மரக்குச்சி) அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்தால் சீக்கிரம் எரியாது. ஒற்றைக் குச்சியில் கோர்த்தால் திருப்பும்போது இறால் சுழலும். ஒரு விரல் இடைவெளியில் இரண்டு குச்சி இணையாகக் குத்தினால் அசையாது. நடுவில் வெங்காயமும் குடைமிளகாயும் சொருகாதீர்கள். அவை வேக ஆகும் நேரத்தில் இறால் கெட்டியாகிவிடும். இரு பக்கமும் மூடும் மடக்குக் கம்பிவலை வீட்டில் இருந்தால் குச்சியே தேவையில்லை.

ரப்பரா இல்ல, ஆனா கொழகொழன்னு மாவு மாதிரி இருந்துச்சு. இன்னும் வேக வெச்சிருக்கணுமா?

வேண்டாம். நடுவில் கண்ணாடி நிறம் போயிருந்தும் மாவு மாதிரி இருந்தால் அது வேக்காட்டுக் குறையல்ல. ஒன்று, மேலே சொன்னதுபோல் எலுமிச்சையில் அதிகம் ஊறியிருக்கும். இல்லையென்றால் மசாலாவில் பப்பாளியோ அன்னாசியோ சேர்ந்திருக்கும். அவற்றின் சாறு இறாலை நிமிடங்களில் கரைத்துவிடும். இரண்டும் இல்லையென்றால், ஒருமுறை உருகி மறுபடி உறைந்த சரக்கு. வாங்கும்போதே பைக்குள் இறால்கள் ஒரே பாறையாக ஒட்டிக்கிடந்தாலோ, அடியில் சிவந்த பனி கட்டியிருந்தாலோ எடுக்காதீர்கள்.

பெட்டியைத் திறந்தா இறால் ஏற்கனவே செவப்பா இருக்கு. வேக வெச்சதை வித்துட்டாங்களா?

அது அர்ஜென்டினா இறாலாக இருக்கும். பச்சையிலேயே சிவப்புதான் அதன் நிறம். மற்ற இறால்களில் சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து நீலச் சாம்பலாகத் தெரியும். சூடு பட்டதும் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து சிவப்பு வெளியே வரும். அர்ஜென்டினா இறாலுக்கு அந்த அடையாளம் உதவாது என்பதால் சதையின் வெண்மையை மட்டும் பாருங்கள். சதை மென்மையானது. மேலே சொன்ன நேரத்தில் அரை நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.

தலையிலயும் ஓட்டுலயும் கறுப்புப் புள்ளி. தூக்கிப் போட்டுடவா?

முதலில் முகர்ந்து பாருங்கள். வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது போல, இறாலின் ஓட்டில் இருக்கும் ஒரு நொதி காற்றுப் பட்டுக் கறுக்க வைக்கும். ஓட்டோடு நின்றால் அழுகல் அல்ல, ஓட்டை உரித்துச் சமைக்கலாம். ஆனால் அமோனியா வாடை அடித்தாலோ, சதை வழவழத்தாலோ, கறுப்பு சதைக்குள் இறங்கியிருந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். இந்தக் கறுப்பு வராமலிருக்க மெட்டாபைசல்ஃபைட் தெளிப்பதுண்டு. பெட்டியில் இ223 என்று இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அந்தப் பெட்டியைத் தவிர்ப்பது நல்லது.

லோட் ஷெடிங்ல ஃப்ரீசர் நின்னு போச்சு. இறாலை மறுபடி உறைய வைக்கலாமா?

கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஆகவே இரண்டு மணி, நான்கு மணி நேர மின்வெட்டுக்குப் பயம் வேண்டாம். திறந்து பார்க்கும்போது இறாலில் இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க உருகியும் ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் அன்றே சமைத்துவிடுங்கள். வெதுவெதுப்பாகிவிட்டது, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாது என்றால் விலையைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

புரட்டாசி மாசம் மாமியார் சைவம், பிள்ளைங்க கேக்குறாங்க. ஒரே கிரில்லுல ரெண்டும் செய்யலாமா?

விரதம் இருப்பவரின் மனம் கோணாமல் செய்வதென்றால் தனிக் கம்பித்தட்டு ஒன்று வாங்கி வையுங்கள். நெருப்பு ஒன்றாக இருக்கலாம், தட்டும் இடுக்கியும் எண்ணெய்த் தூரிகையும் வேறு வேறு. சோளக்கதிர், பனீர், கத்தரிக்காய் எல்லாம் முதலில் சுட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் இறாலை வையுங்கள். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் யாருக்கும் கவிச்சி கிடையாது. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். ஆனால் எல்லா வீட்டுக்கும் அதையே சொல்ல மாட்டேன்.

இறாலோட எலுமிச்சை சேர்ந்தா விஷமாகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே? பால் குடிச்சா வெண்புள்ளி வரும்னும் சொல்றாங்க.

இரண்டும் உண்மை இல்லை. இறாலில் இருக்கும் ஆர்சனிக்கை எலுமிச்சை விஷமாக்கும் என்பதுதான் அந்தச் செய்தி. அந்த ஆர்சனிக் பெரும்பாலும் உடம்பைப் பாதிக்காமல் வெளியேறிவிடும் வகை. அதை ஒரு துண்டு எலுமிச்சை நஞ்சாக மாற்றாது. வெண்புள்ளி என்பது உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி தன் தோலின் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது. அதற்கும் பாலுக்கும் இறாலுக்கும் சம்பந்தம் இல்லை.

அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால், பையனுக்கு ஒருமுறை சாப்பிட்டதும் உதடு வீங்கிச்சு. ரெண்டு பேருக்கும் கொடுக்கலாமா?

அப்பாவுக்கு அளவாகக் கொடுக்கலாம். வெந்த இறால் 100 கிராமில் சுமார் 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், ஒரு முட்டை அளவு. ஆனால் ரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றும் கெட்ட கொழுப்பு அதில் மிகக் குறைவு. வெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெயோடு சுடுங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குபவர் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

பையனுக்கு வேண்டாம். உதடு வீங்கியது ஒவ்வாமையின் அறிகுறி, அடுத்த முறை தொண்டை அடைக்கலாம். நன்றாக வேக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்; ஒவ்வாமை தரும் அந்தப் புரதம் சூட்டில் அழியாது. டாக்டரிடம் சோதித்துப் பார்க்கும்வரை இறால், நண்டு, சிங்கி இறால் மூன்றையும் நிறுத்துங்கள். அவன் சாப்பிடும் சோளக்கதிரையும் மேலே புரட்டாசிக்குச் சொன்னதுபோல் தனித் தட்டில் சுடுங்கள். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மிச்சமானதை மறுநாள் சூடு பண்ணினா கல்லாயிடுது. என்ன பண்றது?

சூடு பண்ணாதீர்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் குளிர்ந்தபடியே நறுக்கி, வெள்ளரிக்காய், வெங்காயம், தனியா இலை, எலுமிச்சை சேர்த்துப் பிசறி, ரொட்டிக்குள் சுருட்டிப் பிள்ளைகளின் டிபன் பெட்டியில் வைக்கிறேன். ஐஸ் பை ஒன்றும் கூடவே வைக்க வேண்டும்.

தலையோடு வாங்கியிருந்தால் பச்சைத் தலைகளை ஒரு பையில் சேர்த்து ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். ஒரு கிலோ சேர்ந்ததும் கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வறுத்து, மூழ்கத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்து, மத்தால் நசுக்கி வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில் புளி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தால், ஜூலை மாத இரவுக்கு வேறு எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஆயா அதைக் கிண்ணத்தில் ஊற்றி அப்படியே குடிப்பார்.